மூச்சும் இரத்தமும் சந்திக்கும் இடம்

நாம் இழுக்கும் மூச்சு எங்கே போகிறது? இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து கருஞ்சிவப்பாக வரும் இரத்தம், மூச்சிலுள்ள பிராணவாயுவை நுரையீரலில் ஏற்று, நல்ல சிவப்பாகி இடப்பக்கம் திரும்புகிறது.

இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே இரத்தம் கசிகிறது என்றார் கிரேக்க வைத்தியர் ஜாலீனூஸ். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதுவே பாடம். இப்னு சீனாவும் அதையே எழுதினார். திமிஷ்கில் பிறந்து மிஸ்ரில் வைத்தியம் பார்த்த இப்னு நஃபீஸ் (மறைவு 1288), இப்னு சீனாவின் நூலுக்கு உரை எழுதும்போதே அதை மறுத்தார். சுவர் கெட்டியானது, துளையே கிடையாது, இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் போயாக வேண்டும் என்றார். பெரியவர்கள் சொல்லாயிற்றே என்று தயங்கவில்லை.

நாமோ அந்த உரையைத் திறந்து பார்க்கவில்லை. 1924-ல் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லினிலிருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்துச் சொன்ன பிறகே அது வெளிச்சத்துக்கு வந்தது.