பெட்ரோல் பங்கில் கடையா? வரைபடத்தை முதலில் பாருங்கள்

எண்ணூரில் 2001-லும் (இன்றைய காமராஜர் துறைமுகம்), காட்டுப்பள்ளியில் 2013-லும் துறைமுகங்கள் செயல்படத் தொடங்கிய பிறகு, மீஞ்சூர், வல்லூர் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. இத்தகைய சாலையில் புதிய பெட்ரோல் பங்க் வரும்போது, அதன் வளாகத்திலேயே கடை வைக்க நம் வணிகர்களுக்கும் அழைப்பு வருவதுண்டு. "தினமும் எத்தனை வண்டி போகிறது பாருங்கள்" என்று சொல்லித்தான் அட்வான்ஸ் கேட்பார்கள். ஆனால் போகிற வண்டியால் நமக்கு வியாபாரம் இல்லை. நிற்கிற வண்டியால்தான் வியாபாரம். வண்டி நிற்க இடமுண்டா என்பதை, செங்கல் வைக்கும் முன்பே வரைபடத்தில் தெரிந்துகொள்ளலாம். ஆகவே பணம் கொடுக்கும் முன் வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, கீழ்க்கண்டவற்றைச் சரிபார்ப்பது நல்லது.

1. அளவு: வரைபடத்தின் ஓரத்தில் 1:200 என்று இருந்தால், தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 2 மீட்டர். சாதாரண ஸ்கேல் ஒன்று இருந்தால் போதும், எல்லா தூரத்தையும் நாமே அளக்கலாம்.

2. வண்டி திரும்பும் இடம்: 40 அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர், முன்வண்டியோடு சேர்த்துச் சுமார் 16 மீட்டர் நீளம். 1:200 அளவில் இது 8 செ.மீ. அட்டையை அந்த நீளத்துக்கு வெட்டி, முன்வண்டியைத் தனித் துண்டாக்கிக் குண்டூசியால் இணைத்து, நுழைவாயிலிலிருந்து வெளிவாயில் வரை நகர்த்திப் பாருங்கள். பம்பையோ, கூரைத் தூணையோ, கடையின் மூலையையோ அட்டை இடித்தால், லாரி உள்ளே வராது. டிரைவர் சாலையோரம் நிறுத்திவிட்டு ஒரு தண்ணீர் பாட்டிலுக்காக நடந்து வருவார் என்று நம்பி முதல் போட முடியாது.

3. எண்ணெய் இறக்கும் இடம்: டேங்கர் நிற்கும் இடமும், எண்ணெய் இறக்கும் வாயும், ஆவி வெளியேறும் குழாயும் எங்கே என்று பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தங்கும். டேங்கர் பின்னோக்கி எடுக்காமல் நேராக வெளியேற வழி வேண்டும். கடைக்கு வருபவர் அவ்விடத்தைக் கடக்கும்படி நடைவழி இருக்கக் கூடாது. நம் சரக்கு வரும் டெம்போவுக்கும் தனி இடம் காட்டியிருக்க வேண்டும். அடுப்பு வைத்து டீ போடும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். லைசென்ஸ் பெற்ற எல்லைக்குள் நெருப்புக்கு இடமில்லை.

4. அக்கம்பக்கம்: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைப்படி, புதிய பங்க் பள்ளி, 10 படுக்கையோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். முடியாத இடத்தில் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். அப்போதும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. இந்தத் தூரம் மனையின் எல்லையிலிருந்து அல்ல. எண்ணெய் இறக்கும் வாய், பம்பு, ஆவிக் குழாய் இவற்றில் எது அருகில் உள்ளதோ அதிலிருந்து அளக்கப்படுவது.

5. தண்ணீர்: காட்டுப்பள்ளி கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையில் அமைந்த தாழ்வான மணல் பூமி. நிலத்தடி நீர் மேலாக நிற்கும் இடத்தில் காலியான டேங்க் மிதந்து எழக்கூடும்; அதை நங்கூரமிட்டுக் கட்டும் விவரம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் வரை பரவியதை நாம் அறிவோம். தண்டையார்பேட்டையில் 2013-ல் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எரிபொருள் வீட்டுக் கிணறுகளில் கலந்தது. கடைத் தளம் சாலை மட்டத்தைவிட உயரமா, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கடைக்கான போர் எங்கே என்பவை வரைபடத்தில் இருக்க வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் மனை வருகிறதா என்பதையும் விசாரியுங்கள்.

6. அனுமதி: இதுவே முக்கியம். வெடிபொருள் துறை (பெசோ) ஒப்புதல் அளித்த வரைபடத்தில் உங்கள் கடை காட்டப்பட்டிருக்கிறதா? 2002-ஆம் ஆண்டு பெட்ரோலிய விதிகளின்படி, லைசென்ஸ் பெற்ற வளாகத்தில் முன் அனுமதியின்றி மாற்றம் செய்ய முடியாது. பிறகு ஒட்டுப்போட்ட கடையை எப்போது வேண்டுமானாலும் அகற்றச் சொல்லலாம். மாவட்ட அதிகாரியின் தடையின்மைச் சான்றையும் பாருங்கள். டீலர் மட்டும் கையெழுத்திட்ட வாடகைப் பத்திரம் போதாது. எண்ணெய்க் கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும்.

இது கடை வைப்பவருக்கு மட்டுமான விஷயமன்று. அந்தக் கடைக்குக் கடனில் சரக்கு அனுப்பும் எம்போன்ற மொத்த வியாபாரிகளின் பணமும் அந்த நான்கு சுவருக்குள்தான் இருக்கிறது. வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றப் பொறியாளருக்கு அரை நாள் வேலை. கட்டிய பின் மாற்றுவதென்றால் நம் முதலே கரைந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்துக் காட்டுங்கள். முடிவானதும், ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலில் இரு தரப்பும் கையெழுத்திட்டு வாடகைப் பத்திரத்தோடு இணைத்த பிறகே அட்வான்ஸைக் கொடுங்கள்.