திட்டம் சொல்வதும் வாக்களிப்பதே!



கல்லூரியில் வீடியோ விளையாட்டு ஒன்றை ஆக்கும்படி பணித்தால், முதற்கண் ஆசிரியர் குழுவின் முன் நின்று உங்கள் திட்டத்தை எடுத்துரைக்க வேண்டும். பத்து நிமிடப் பேச்சுத்தானே என்று எண்ணிவிடாதீர்கள். அன்று நீங்கள் சொல்வதெல்லாம் வாக்குறுதி. பருவ இறுதியில் அதைக் கொண்டே உங்கள் உழைப்பு அளக்கப்படும். வாக்கு ஓர் அமானிதம் என்பதை நாம் அறிவோமன்றோ?

பலர் செய்யும் தவறு யாது? பழங்காலப் பேரரசு, பத்துத் தலைமுறைப் பகை என்று கதையை விரித்து நேரத்தைத் தீர்த்துவிடுவர். கேட்போர் அறிய விரும்புவதோ வேறு. ஆடுபவர் என்ன செய்வார்? அதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். சொல்ல இயலவில்லையெனில் திட்டம் இன்னும் கனியவில்லை என்பதே பொருள்.

'சிறியதாகச் சொன்னால் மதிப்பார்களா?' என்று அஞ்ச வேண்டாம். அமெரிக்காவின் டிஜிபென் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் சிலர் 2005-ஆம் ஆண்டில் 'நார்பாகுலர் டிராப்' என்னும் விளையாட்டை ஆக்கினர். ஒரு சுவரில் ஒரு வாயில், மற்றொரு சுவரில் இன்னொரு வாயில். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளிப்படலாம். அவ்வளவுதான் கருத்து! அதன் நாயகியால் குதிக்கவும் இயலாது. அக்குறையையே பெயராக்கி, 'முழங்காலில்லா இளவரசி' என்றனர். மாணவர் படைப்புகளின் கண்காட்சியில் அதைக் கண்ட வால்வ் நிறுவனத்தார், அக்குழுவினரை வேலைக்கே அமர்த்திக்கொண்டனர். 2007-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற 'போர்ட்டல்' அக்கருத்தின் வளர்ச்சியே.

இனிக் கணக்குக்கு வருவோம். நால்வர் வாரந்தோறும் ஆளுக்கு 6 மணி நேரம் உழைத்தால், 12 வாரங்களில் 288 மணி நேரம். அதில் காற்பங்கு, அதாவது 72 மணி நேரத்தைச் சோதனைக்கும் பிழை திருத்தத்திற்கும் ஒதுக்குங்கள். எஞ்சுவது 216. ஒரு கட்டத்தை முன்கூட்டியே செய்து பாருங்கள். அதற்கு 40 மணி நேரம் ஆயிற்றென்றால், உங்களால் முடிவது 5 கட்டங்களே. இருபது கட்டங்கள் என்று வாக்களித்தால் 800 மணி நேரம் வேண்டும். எங்கிருந்து வரும்?

ஆகவே, உரையை இவ்வாறு வகுத்துக்கொள்ளுங்கள்:

1. ஆடுபவர் செய்வது என்ன? வெற்றி எது, தோல்வி எது?

2. யாருக்காக? கைப்பேசியிலா, கணினியிலா?

3. யார், எதை, எந்த வாரத்தில் முடிப்பார்?

4. காலம் போதாவிடில் முதலில் கைவிடுவது எது?

5. படமும் இசையும் யாருடையவை? பிறருடையவையாயின் அனுமதி உண்டா?

முன்கூட்டியே செய்த அக்கட்டத்தை ஆசிரியர் கையிலேயே கொடுத்து ஆடச் செய்யுங்கள். வண்ணமில்லாத வெறும் சதுரங்களாக இருப்பினும் குற்றமில்லை. ஆயிரம் சொல் விளக்காததை அரை நிமிட ஆட்டம் விளக்கிவிடும்.

குறைவாகச் சொல்லுங்கள், சொன்னதை முடியுங்கள். அடுத்த முறை நீங்கள் பெரிதாகக் கேட்கும்போது, இன்ஷா அல்லாஹ், உங்கள் சொல்லை நம்புவார்கள்.