வீட்டுக்கு வெளியே மின்சாரம்: கம்பியும் குழாயும் தெரிந்தெடுக்கும் முறை

சென்னை மாகாணத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டிலும், மேட்டூர் அணை மின் நிலையம் 1937-ஆம் ஆண்டிலும் வேலை தொடங்கின. அதன் பின்னர் மின்சாரம் படிப்படியாகக் கிராமங்களை அடைந்து, இன்று தமிழ்நாட்டில் மின் விளக்கில்லாத ஊரைக் காண்பது அரிது. ஆயினும் வீட்டுக்குள் செவ்வையாக அமைந்த மின்சாரம், மாட்டுக் கொட்டகைக்கும் களத்துக்கும் கிணற்றடிக்கும் செல்லும்போது, பெரும்பாலும் அவசரத் தேவைக்கு இழுத்துவிட்ட கம்பியாகவே செல்லுகின்றது. கோடையில் குறையின்றி நடந்த அக்கம்பி முதல் மழையன்று தன் குறையைக் காட்டும்.

அப்போது முதலில் துன்புறுவது மாடு. அதன் முன்னங்கால்களும் பின்னங்கால்களும் அகன்று நிற்பதால், ஈரத்தரையில் பரவும் மின்சாரம் ஒரு காலில் ஏறி, நெஞ்சின் வழியாகச் சென்று, மறு காலில் இறங்குகின்றது. மனிதர் பொறுக்கக்கூடிய சிறு கசிவும் மாட்டைக் கொல்லக்கூடும். விழுந்த மாட்டைத் தூக்க ஓடுபவரும் அதே ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கின்றார். ஆதலால் வெளிப்புற இணைப்புக்குரிய பொருள்களை மழைக்காலத்தை மனத்திற்கொண்டே வாங்குதல் வேண்டும்.

கம்பியின் பருமன்

வேலையின் அளவு, தூரத்தின் அளவு ஆகிய இரண்டையும் பார்த்தே கம்பியின் பருமனைத் தீர்மானித்தல் வேண்டும். தூரத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். செம்புக் கம்பியில் 1 கிலோமீட்டர் நீளத்துக்குரிய தடை, 1.5 சதுர மில்லிமீட்டர் பருமனில் சுமார் 12 ஓம், 2.5 பருமனில் சுமார் 7.4 ஓம், 4 பருமனில் சுமார் 4.6 ஓம்.

உதாரணமாக, வீட்டிலிருந்து 50 மீட்டர் தூரத்திலுள்ள கொட்டகையில், தீவனம் நறுக்கும் 1 குதிரைத்திறன் இயந்திரம் ஒன்றை நடத்துவதாகக் கொள்வோம். மின்சாரம் சென்று திரும்புவதால் கணக்கிட வேண்டிய நீளம் 100 மீட்டர். இயந்திரம் ஓடும்போது சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். புறப்படும் கணத்தில் அதனைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 35 ஆம்பியர் வரையில் இழுக்கும். அக்கணத்தில் வழியிலே குறையும் வோல்ட்டு வருமாறு:

1.5 சதுர மி.மீ. கம்பியில்: சுமார் 42 வோல்ட்டு
2.5 சதுர மி.மீ. கம்பியில்: சுமார் 26 வோல்ட்டு
4 சதுர மி.மீ. கம்பியில்: சுமார் 16 வோல்ட்டு

வீட்டில் 230 வோல்ட்டு இருப்பினும், மெல்லிய கம்பியின் மறுமுனையில் 188 வோல்ட்டே எஞ்சும். மாலை வேளையில் ஊரிலேயே வோல்ட்டு குறைந்திருந்தால், இயந்திரம் சுழல மாட்டாமல் முனகி, சுருள் கருகிப்போம். கம்பியில் மிச்சம் பிடித்த பணத்தைவிட மோட்டாருக்கு மறுசுருள் சுற்றும் செலவு பெரிது. எனவே இவ்விடத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே தக்கது. விளக்கு மட்டும் எரிவதாயின் 1.5 போதுமானது.

மூன்றாவது கம்பி

சிவப்பு, கறுப்பு ஆகிய இரண்டு கம்பிகளோடு நிலத்தொடர்புக்குரிய பச்சைக் கம்பியும் அதே பருமனில் உடன் செல்லுதல் வேண்டும். அஃதின்றியும் விளக்கு எரியும், இயந்திரம் ஓடும். ஆதலால் அதனை வீண்செலவென்று விடுவோர் உளர். இயந்திரத்தின் இரும்புக் கூட்டில் மின்சாரம் கசியும் நாளில், மனிதரையும் மாட்டையும் விட்டு அது மண்ணுக்குச் செல்ல வழியாவது பச்சைக் கம்பி ஒன்றே. நிலத்தொடர்புக் குழி காய்ந்துவிட்டால் பயன் குறையுமாதலால், கோடையில் அதில் நீர் ஊற்றி வருதல் நலம்.

குழாய்

கம்பியைக் காப்பதற்குரிய குழாயை இடத்துக்கு ஏற்பத் தெரிந்தெடுத்தல் வேண்டும். கொட்டகையில் மாட்டின் மூத்திரமும் சாணமும் படும் இடத்தில் இரும்புக் குழாய் விரைவில் துருப்பிடிக்கும். அங்கே கனத்த பி.வி.சி. குழாய் நன்று. ஆனால் வண்டியோ டிராக்டரோ இடிக்கக்கூடிய மூலையில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயே தாங்கும். அதனையும் பச்சைக் கம்பியோடு இணைத்துவிடுதல் அவசியம். தண்ணீருக்குரிய குழாயை இதற்கு உபயோகித்தல் கூடாது. மின் கம்பிக்கென்று செய்யப்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றதையே வாங்குக. நேர் வெயிலில் பி.வி.சி. நாளடைவில் நொறுங்குமாகையால், தாழ்வாரத்தின் நிழலிலே கொண்டு செல்லுதல் உத்தமம். மூன்று கம்பிகளுக்கு 25 மில்லிமீட்டர் குழாய் தாராளமாகும். இரண்டடிக்கு ஒரு பிடிப்பு அமைக்கவேண்டும்.

களத்தைக் கடந்து செல்ல நேரின், வேப்பமரக் கிளையில் கம்பியைக் கட்டித் தொங்கவிடுதல் பெரும் பிழை. காற்றில் உராய்ந்து மேலுறை தேய்ந்துபோம். இரும்புக் கவசமுள்ள கேபிளை 75 சென்டிமீட்டர் ஆழத்தில் பதித்து, மணல் இட்டு, மேலே செங்கல் பரப்பி மூடுக. அது செல்லும் வழியைக் கல் நட்டுக் குறித்துவைத்தால், பின்னாளில் மண்வெட்டி படாது. மண்ணுக்குள் ஒட்டுப் போடலாகாது.

பிளக்குப் பெட்டியும் காவலும்

மூடியுள்ள, மழை புகாத பெட்டியை மாட்டின் கொம்புக்கும் குழந்தையின் கைக்கும் எட்டாத உயரத்தில் அமைக்கவேண்டும். குழாய் பெட்டியின் அடிப்புறத்திலே நுழைந்தால், அதன்மேல் வழியும் நீர் உள்ளே இறங்காது. வீட்டிலிருந்து புறப்படும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை அவசியம் வைத்து, மாதந்தோறும் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவேண்டும். எம்.சி.பி. அடிக்கடி விழுமாயின், பெரியது மாட்டுவது பரிகாரமன்று; கோளாற்றைத் தேடுதலே முறை.

இவ்வேலைகளை உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும். கிராம அதிகாரிகள் மழை தொடங்குமுன் தத்தம் ஊரில் பொதுக் கிணறு, சாவடி முதலிய இடங்களில் தொங்கும் கம்பிகளைக் கண்டு உரியவர்க்கு அறிவித்தால், ஓர் உயிரேனும் பிழைக்கும். ஆடி மாதத்தில் விதை தேடும் குடியானவர், அதே மாதத்தில் தம் கொட்டகைக் கம்பியையும் ஒருமுறை நோக்குவாராக.