வைத்தியக் கடனைப் பகுதி பகுதியாகக் கட்டும்போது

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் சத்திரசிகிச்சைக்கோ மருந்துக்கோ வாங்கிய கடன், நீங்கள் ஊர் திரும்பியதும் படலைக்கு வந்து நிற்கலாம். முழுத் தொகையும் கையில் இல்லையென்று ஒளிந்துகொள்ள வேண்டாம். ஆனால் கணக்குப் பார்க்காமல் காசு கொடுக்கவும் வேண்டாம்.

60,000 ரூபா கடன், மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி மட்டும் 1,800 ரூபா. நீங்கள் 2,000 கட்டினால் முதலில் 200 ரூபாதான் குறைகிறது. 1,500 கட்டினால் முதல் அசையாது. 300 ரூபா நிலுவையாகச் சேருகிறது. வருடக்கணக்காகக் கட்டியும் கடன் குறையவில்லை என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். ஆகவே காசு கொடுக்குமுன் கேளுங்கள்: இதில் முதலுக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு, தண்டப்பணத்துக்கு எவ்வளவு? வட்டியை நிறுத்தச் சம்மதித்தால் அதே 2,000 ரூபாவில் 30 மாதத்தில் கடன் தீரும். அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் அடுத்த மாதம் வேறொருவர் வரும்போது நிற்காது.

உங்களால் கட்டக்கூடிய தொகையை மட்டும் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கும் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் அது. ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்கி ஒரே இடத்தில் வையுங்கள். வெற்றுத்தாளில் கையொப்பம் வேண்டாம். ஒரு கடனை அடைக்க இன்னொரு வாரக்கடன் எடுப்பது, நாங்கள் பார்த்தவரையில், குடும்பங்களை மேலும் கீழே இறக்குகிறது. குழுக்கடன் என்றால் உங்கள் தவணை தவறும்போது அயலவரின் தலையிலும் விழும். அவர்களோடு முதலே பேசுங்கள். அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி ஈடு வைக்க முடியாது.

அறவிட வருபவர் வீட்டுச் சாமானைத் தூக்கிப் போக நீதிமன்றக் கட்டளை வேண்டும். இரவில் வந்து குந்தியிருந்தாலோ வெருட்டினாலோ பொலிசில் முறையிடலாம். வங்கி, நிதிக் கம்பனி பற்றிய முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் இலக்கம் 1935. தனியாரிடம் பட்ட கடனை மத்தியஸ்த சபையில் பேசலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. வழக்கு அழைப்பாணை வந்தால் தவறாமல் போங்கள். வசதியில்லாதோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும்.

சிகிச்சை இன்னும் தொடர்கிறதா? நோய்க்குறிப்பு அட்டையோடு அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் பதியுங்கள். அங்கே சிகிச்சை இலவசம். பெரிய சத்திரசிகிச்சை என்றால், பணம் கட்டுமுன் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிப்பது பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.