அண்டாவில் வெட்டிய பெயர்

திருவாரூர்,
தை மாதம்

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதம் போகிக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. தெருவில் பாயும் முறமும் எரிந்த சாம்பலைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் அதைப் படித்தேன். பாட்டி வீட்டைக் காலி செய்கிறீர்கள், பரணிலிருந்து இறக்கியவற்றில் ஐம்பது பேருக்குச் சோறு வடிக்கிற பித்தளை அண்டா ஒன்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நாலு பேர் வாழ்ந்த வீட்டில் அது எதற்கு என்று கேட்கிறாய். நல்ல கேள்வி. மூன்று நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அடுத்த பக்கத்தில், கல்லூரி மலருக்கு எழுதப்போகும் கட்டுரையின் தொடக்கம் என்று ஒன்று எழுதியிருந்தாயே, நம் முன்னோர் எல்லோரும் குறைந்த பொருளோடு நிறைவாக வாழ்ந்த மினிமலிஸ்டுகள் என்று, அதைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. மினிமலிசம் என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். என்னைவிட அதிகமாகப் படித்திருக்கிறாய். உன் அலமாரியில் பாதியை எடுத்துக் கொடுத்துவிட்டதும் எனக்குப் பிடித்திருக்கிறது. கோபம் அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்மேல்தான்.

திருக்குறளை உனக்கு இரண்டு ஆண்டு நடத்தியிருக்கிறேன். அதிகார வரிசையை ஒருமுறை எடுத்துப் பார். துறவு 35ஆம் அதிகாரம், அவாவறுத்தல் 37ஆம் அதிகாரம், இரண்டும் அறத்துப்பால். நல்குரவு எங்கே இருக்கிறது? 105ஆம் அதிகாரம், பொருட்பாலின் கடைசிப் பகுதியில். அதை அடுத்து இரவு, அதையும் அடுத்து இரவச்சம். வேண்டாம் என்று விட்டவனையும் இல்லாமல் தவிப்பவனையும் வள்ளுவர் ஒரே திண்ணையில் உட்கார வைக்கவில்லை. நடுவே எத்தனை அதிகாரங்களைப் போட்டிருக்கிறார்! நீ ஒரே வரியில் இருவரையும் சேர்த்துக் கட்டிவிட்டாய்.

நம் ஊருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட வயற்காட்டில் கீழ்வெண்மணி இருக்கிறது. கூலி நெல்லைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்தத் தெருவின் வீடுகளில் என்ன பொருள் இருந்திருக்கும்? இரண்டு மண்சட்டி, ஒரு கலயம், ஒரு அரிவாள். நீ பார்க்கும் மினிமலிசக் காணொளிகள் சொல்லும் நூறு பொருள் கணக்குக்குள் எல்லாமே அடங்கிவிடும். அதை யாராவது எளிய வாழ்க்கை என்று பாராட்டினால் நான் பேசாமல் எழுந்து போய்விடுவேன்.

அந்தக் கொடுமைக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து தங்கியவர்கள் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். ஜெகந்நாதன் வசதியான வீட்டில் பிறந்து அதை விட்டு வந்தவர். அம்மையார் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். தங்களுக்கென்று சேர்த்துக்கொள்ளாத இருவர், பிறருக்கு நிலம் சேர்ப்பதற்காக 1981இல் லாஃப்டி என்ற உழுபவர் நில இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலமில்லாத குடும்பங்களின் பெண்கள் பெயரில் பத்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். 2008இல் அவர்களுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது வந்தபோது வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரிந்தது. கவனித்தாயா? குறைவாக வாழத் தெரிந்த அந்த இருவரும் கூலிக்காரரிடம் போய்க் குறைவாக வாழக் கற்றுக்கொடுக்கவில்லை. பட்டா வாங்கிக் கொடுத்தார்கள். உன் கட்டுரையில் வேறு எதை விட்டாலும் இதை விடாதே.

சரி, அண்டாவுக்கு வருகிறேன்.

அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தாயா? விளிம்பிலோ தோளிலோ ஒரு பெயர் இருக்கும். உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர். முன்னால் ஊர் எழுத்து, பின்னால் ஆள் பெயர். பாத்திரக்கடை வாசலில் சிறு சுத்தியும் உளியுமாக ஒருவர் உட்கார்ந்து எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வெட்டிக்கொடுப்பார். சிறுவயதில் அந்த டக் டக் சத்தத்தைக் கேட்பதற்காகவே கடைத்தெருவில் நின்றிருக்கிறேன். நம் வீட்டுக்குள்ளேயே இருக்கப்போகிற பாத்திரத்தில் நம் பெயரை எதற்கு வெட்ட வேண்டும்? கட்டிலில் யாரும் பெயர் வெட்டுவதில்லை. ஆட்டுக்கல்லில் வெட்டுவதில்லை. வெளியே போய்த் திரும்ப வேண்டிய பொருளுக்குத்தான் பெயர் வேண்டும். சீர்ப் பாத்திரத்தில் பிறந்த வீட்டுப் பெருமைக்காக வெட்டுகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உன் பாட்டி வீட்டு அண்டாவை நன்றாகத் தேய்த்துப் பார், அடியில் எத்தனை நசுங்கல் இருக்கிறதென்று எண்ணு. நாலு பேர் வீட்டில் அத்தனை நசுங்கல் விழாது. அது கல்யாணத்துக்குப் போயிருக்கும், கருமாதிக்குப் போயிருக்கும், மாரியம்மன் கஞ்சிக்குப் போயிருக்கும். ஒரு தெருவில் ஒரு வீட்டில் அண்டா, ஒரு வீட்டில் தவலை, ஒரு வீட்டில் பெரிய ஜமக்காளம், ஒரு வீட்டில் ஏணி. எல்லாருக்கும் எல்லாமும் தேவைப்படும். எல்லார் வீட்டிலும் எல்லாமும் இருக்காது. தயிருக்கு உறைமோர்கூட அடுத்த வீட்டிலிருந்துதான் வரும்.

நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான், அம்மா. அவர்கள் குறைவான பொருளோடு வாழ முடிந்ததென்றால் மீதிப் பொருள் பக்கத்து வீட்டில் இருந்தது. நம் ஊர்க் கமலாலயக் குளத்தையே எடுத்துக்கொள். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று நம் ஊர்க் கணக்கு. ஐந்து வேலி என்றால் ஏறக்குறைய 33 ஏக்கர் தண்ணீர், ஊர் நடுவில், யார் வீட்டுச் சொத்தாகவும் இல்லாமல். அந்தக் கரையில் வளர்ந்தவனுக்குச் சொந்தமாக எவ்வளவு குறைவாக இருந்தாலும் கையில் நிறைய இருந்தது.

இங்கே ஒன்றை மறைத்தால் நான் ஆசிரியனாக இருந்ததில் பொருளில்லை. அந்த அண்டா எல்லாத் தெருவுக்கும் போகவில்லை. எந்தத் தெருவோடு நின்றது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெயர் வெட்டிய பாத்திரங்கள் சுற்றிவந்த வட்டத்துக்கு வெளியே ஒரு சேரி இருந்தது. பழைய வாழ்க்கையைப் புகழ்கிற எவரிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேள்: உங்கள் வீட்டு அண்டா எதுவரை போனது?

நீ தோரோவைப் பற்றி எழுதியிருக்கிறாய். வால்டன் குளக்கரையில் சொந்தக் கையால் குடில் கட்டி இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் வாழ்ந்தவர். மினிமலிசம் பேசுகிறவர்கள் அவரைத் தங்கள் குலதெய்வமாக வைத்திருக்கிறார்கள். நான் அந்தப் புத்தகத்தை முதலில் படித்தது ஒரு கோடை விடுமுறையில், எங்கள் வீட்டு ரேழியில், நூலகத்திலிருந்து இரவல் வாங்கிய அட்டை கிழிந்த பிரதியில். 28 டாலரும் சில்லறையும் செலவில் வீடு கட்டிய கணக்கு எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் 1845இல் மரம் வெட்டப் போனபோது அவர் செய்த முதல் வேலை ஒரு கோடரியை இரவல் வாங்கியது. அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். திருப்பிக் கொடுக்கும்போது வாங்கியதைவிடக் கூர்மையாக்கிக் கொடுத்ததாகவும் சொல்கிறார். குடில் நின்ற நிலம் நண்பர் எமர்சனுடையது. தனி ஆள், தனிக் குடில், தன் கை என்று படம் போடுகிறவர்கள் இந்தக் கோடரியை மட்டும் எப்படி மறந்தார்கள்? எனக்கு அந்தப் புத்தகம் முழுவதும் அந்தக் கோடரியில் இருப்பதாகத் தோன்றும். இரவல் வாங்கு, கூர்மையாக்கித் திருப்பிக் கொடு.

அந்தக் கோடரிக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு தம்பி இருக்கிறது. அது விதைநெல். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006இலிருந்து ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வாரோடு நடந்து, நடந்த ஊர்களில் எல்லாம் பழைய நெல்லைத் தேடிச் சேர்த்தவர். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை, தூயமல்லி, குடவாழை என்று 150க்கும் மேற்பட்ட ரகங்கள். சேர்த்ததை அவர் பூட்டி வைக்கவில்லை. திருவிழாவுக்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார். பணம் வேண்டாம். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; அது அடுத்த இரண்டு பேருக்குப் போகும். 2 கிலோ என்பதைச் சின்ன அளவு என்று நினைக்காதே. ஒற்றை நாற்று நடவில் இடைவெளி விட்டு நட்டால் ஏறக்குறைய ஒரு ஏக்கருக்கு அது போதும். பல நூறு கிலோ விளைகிற இடத்தில் 4 கிலோவைக் கொடுப்பது யாருக்கும் பாரமில்லை.

நெல்லில் எனக்குப் பிடித்தது, அதைப் பதுக்க முடியாது என்பது. தங்கத்தை நூறு ஆண்டு பெட்டியில் வைக்கலாம். விதைநெல்லை வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு, பத்தாயத்தில் என்ன பாடுபட்டு வைத்தாலும் ஒன்றிரண்டு ஆண்டில் முளைப்பு குறையும். அந்து விழும், வண்டு அரிக்கும். அதைக் காப்பாற்ற ஒரே வழி மண்ணில் போடுவது, அதைவிட நல்ல வழி பல பேர் மண்ணில் போடுவது. உன் வயலில் வெள்ளம் வந்து அழிந்தாலும் என் வயலில் அந்த ரகம் நிற்கும். நீ என்னிடம் வந்து கேட்கலாம். 150 ரகத்துக்குச் சொந்தக்காரர் என்று சொல்லக்கூடிய ஒருவர் அத்தனையையும் பிறர் வீட்டில்தான் வைத்திருந்தார். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை ஏறி நம் மாவட்டத்தின் தெற்குப் பகுதியைச் சாய்த்துப்போட்டது. டிசம்பர் 6இல் ஜெயராமன் நோயில் மறைந்தார். இருபது நாள் இடைவெளியில் தென்னையும் போயிற்று, அவரும் போய்விட்டார் என்று இங்கே பலர் கலங்கினார்கள். ஆனால் அந்த நெல் அவரோடு போகவில்லை. அது அவரிடம் இருந்தால்தானே!

அந்தப் புயலின்போது எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. மிக்ஸி, கிரைண்டர், குளிர்பெட்டி எல்லாம் வீட்டுக்கு வீடு இருந்தன; ஒன்றும் உதவவில்லை. என் அம்மாவின் அண்டாவைப் பரணிலிருந்து இறக்கினோம். ஒரு வீட்டு வாசலில் கல் கூட்டி, விழுந்த மரத்தையே விறகாக்கி, தெரு முழுவதற்கும் ஒரே சமையல். இந்த முறை வரிசையில் எல்லாத் தெருக்காரர்களும் நின்றார்கள். அம்மா இருந்திருந்தால் அதைப் பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இசைமேதை தியாகராஜரை உதாரணம் காட்டப்போவதாக எழுதியிருக்கிறாய், தாராளமாகக் காட்டு. 1767இல் இந்த ஊரில் பிறந்தவர். ஆனால் அவரைத் துறவி என்று எழுதாதே. அவர் சந்நியாசம் வாங்கியது 1847 ஜனவரியில், உயிர் பிரிவதற்குச் சற்று முன்புதான். அதுவரை மனைவி, மகள், சீடர்கள் என்று குடும்பம் நடத்தியவர். அரசவை அழைப்பை அவர் மறுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதைச் சொல்கிறவர்கள், மறுத்துவிட்டு மறுநாள் அவர் எங்கே போனார் என்பதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். திருவையாற்றுத் தெருவில் உஞ்சவிருத்திக்குப் போனார். பாடிக்கொண்டே நடப்பார், வீட்டுக்கு வீடு கைப்பிடி அரிசி விழும். அரசரை மறுக்கும் துணிவு அவருடையது. ஆனால் அவர் ஏந்திய செம்பை நிரப்பியவர்கள் தெருப் பெண்கள். அவர்கள் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை.

உன் கட்டுரைக்கு ஜே.சி. குமரப்பாவையும் படி. 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காயர் படிப்பு முடித்து, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்துவிட்டுக் காந்தியிடம் போனவர். சிறையில் இருந்து அவர் எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன். தேங்கியதை எடுத்துத் தீர்க்கிற பொருளாதாரம், ஓடிக்கொண்டே இருக்கிற பொருளாதாரம் என்று அவர் பிரிக்கும் இடத்தை நம் காவிரிப் பிள்ளைகள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். முறை வைத்து வாய்க்காலில் தண்ணீர் விட்ட ஊரல்லவா! பிற்காலத்தில் பொருளாதார அறிஞர் ஷூமேக்கர் தம் ‘சிறியதே அழகு’ புத்தகத்தில் இவரை எடுத்துக்காட்டுகிறார். ஷூமேக்கரை மேற்கோள் காட்டுகிற நம் பிள்ளைகளுக்குக் குமரப்பாவைத் தெரியவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இனி உன் வீட்டு வேலை. எறிந்த பழைய டப்பாக்களுக்குப் பதிலாக ஒரே மாதிரி வெள்ளை டப்பா இருபத்து நான்கு வாங்கியதாக எழுதியிருக்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விடுதியில் உன் தளத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? எத்தனை இஸ்திரிப் பெட்டி இருக்கிறது? உன் அறையை எண்ணிக்கொண்டிருக்காமல் போய் அதை எண்ணு. ஒவ்வொருத்தியிடமும் ஒன்று இருந்தால், ஒருத்தியின் கதவை இன்னொருத்தி தட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது என்று பொருள்.

அண்டாவை எடைக்குப் போட வேண்டாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல். சென்னைக் குடியிருப்பில் வைக்க இடமில்லை என்பார், சரிதான். பாட்டியின் தெருவிலேயே எந்த வீடாவது வாங்கிக்கொள்ளுமா என்று கேட்கச் சொல். இல்லையென்றால் இங்கே அனுப்பு, எங்கள் அண்டாவுக்குத் துணையாக இருக்கட்டும். பங்குனியில் தேரோட்டத்தின்போது அன்னதானத்துக்குக் கேட்டு வருவார்கள். சேரிப் பிள்ளைகள் நடத்தும் விளையாட்டு விழாவுக்கும் போன ஆண்டு எங்களுடையதுதான் போய் வந்தது, இன்னொரு நசுங்கலோடு.

எங்கள் அண்டாவைக் கஜாவுக்குப் பிறகு புளி போட்டுத் தேய்த்தபோதுதான் நானே முழுதாகப் படித்தேன். அதில் வெட்டியிருப்பது என் அம்மாவின் பெயர் இல்லை. மேலண்டை வீட்டில் இருந்து, நான் பிறப்பதற்கு முன்பே ஊரைவிட்டுப் போன குடும்பத்தின் பெயர். என்றோ இரவல் வாங்கியது, திரும்பாமலே தங்கிவிட்டிருக்கிறது. அவர்கள் வாரிசு யாராவது கிடைப்பார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னுடையதில் யார் பெயர் இருக்கிறது? தேய்த்துப் பார்த்து எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்