கிணற்று ஜலமும் கணிப்பொறிக் கணக்கும்

கிணற்று ஜலத்தைப் பரீக்ஷித்து வரும் அறிக்கையானது, சீசாவிலிருந்த ஜலத்தின் நிலையையே கூறும். அது வயலில் பாய்ந்து வெயிலில் சுண்டியபின் மண்ணை என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டே அறியவேண்டும்.

1967-ம் வருஷத்தில் காரல்ஸ், மெக்கன்ஸி என்னும் இரசாயன நிபுணர்கள், அமெரிக்காவின் சியரா நெவாடா மலை ஊற்று ஜலம் சுண்டச் சுண்ட என்னவாகும் என்று கணக்கிட்டார்கள். சுண்ணாம்பு முதலில் படிந்து பிரிய, சோடியமும் கார்பனேட்டும் மிகுந்த காரநீர் மிஞ்சுமென்று கண்டார்கள். இத்தகைய கணக்குகளை இன்று அமெரிக்க நிலவியல் துறையார் இலவசமாய் அளிக்கும் ‘ஃப்ரீக்-சி’ என்னும் கணிப்பொறி நிரல் விரைவில் செய்துவிடுகிறது.

வயலிலும் நிகழ்வது இதுவே. சுண்ணாம்பு படிந்தபின் சோடியம் களிமண்ணைப் பற்றும். மண் இறுகும், நீர் உள்ளிறங்காது, நிலம் களராகும்.

இதனைச் சுருக்கமாகக் காகிதத்திலும் கணக்கிடலாம். அறிக்கையில் லிட்டருக்கு மில்லி ஈக்விவலண்ட் அளவில் கண்ட கார்பனேட், பைகார்பனேட் இரண்டையும் கூட்டுக. அதிலிருந்து கால்சியம், மக்னீசியம் இவற்றின் கூட்டுத்தொகையைக் கழிக்க. மிச்சம் 1.25-க்குக் குறைந்தால் இவ்வகையில் அபாயமில்லை, 2.5 வரை எச்சரிக்கை வேண்டும். அதற்கு மேற்பட்டது பாசனத்துக்கு ஏற்றதன்று.

உதாரணமாக, முந்தியது 5, பிந்தியது 2 எனில் மிச்சம் 3. ஓர் ஏக்கரில் ஓரங்குலம் பாயும் ஜலத்தில் இம்மிச்சத்தை ஓரலகு குறைக்கச் சுமார் 9 கிலோ சுத்தமான ஜிப்சம் கரையவேண்டும். 3-ஐ 1 ஆக்க 18 கிலோ ஆகும். இரண்டங்குலப் பாய்ச்சலுக்கு 36 கிலோ.

சுண்ணாம்பு முழுவதும் படியும் என்பதே இவ்வெளிய கணக்கின் அடிப்படை. மண்ணில் கரியமில வாயு மிகுந்திருப்பின் ஒரு பங்கு கரைந்தே நிற்கும். அதையும் சேர்த்துக் கணிப்பது நிரலின் சிறப்பு.

ஆயினும் தவறான அளவைக் கொடுத்தாலும் கணிப்பொறி ஒரு விடையைக் கூறியே தீரும். ஆதலால் சிறிது நேரம் இறைத்தபின் சீசாவை விளிம்புவரை நிரப்பி மூடுக. ஜலத்தின் வெப்பத்தையும் கார அமில நிலையையும் கிணற்றடியிலேயே குறித்தல் நலம். தாமதித்தால் வாயு வெளியேறி, சுண்ணாம்பு சீசாவிலேயே படிந்துவிடக்கூடும். அறிக்கை வந்ததும் சோடியம் முதலியவற்றின் கூட்டுத்தொகையும், குளோரைடு, பைகார்பனேட் முதலியவற்றின் கூட்டுத்தொகையும் ஏறக்குறையச் சமமாயிருக்கின்றனவா என்று பார்க்க. வித்தியாசம் நூற்றுக்கு 5-க்கு மேற்பட்டால், ஜிப்சத்துக்குப் பணம் செலவிடுமுன் ஜலத்தை மறுபடி பரீக்ஷிப்பதே புத்தி.