சிவந்த இலையை வரையும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய ஏழு தாள்களும் வந்து சேர்ந்தன. கோடு நன்றாக ஓடுகிறது, தண்ணீர் வண்ணத்தில் கை பதறவில்லை. ஆனால் ஐந்தாவது தாளில் ஒரு சிவந்த இலையை வரைந்து, கீழே ‘தில்லை’ என்று எழுதியிருக்கிறாய். அது தில்லை இல்லை, வாதாம். நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டாய். பக்கத்தில் அளவும் குறிக்கவில்லை. குறித்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்: வாதாம் இலை ஒரு சாண் வரும், தில்லை இலை விரல் நீளம்தான்.

வெளிநாட்டு ஓக் மரங்கள் இலையுதிர் காலத்தில் காடு முழுக்கச் சிவப்பதைப் படத்தில் பார்த்து, நம் பாம்பன் பக்கம் அப்படி ஒன்றும் இல்லையே என்று ஏங்கியிருந்தாய். அந்த ஊர்க்காரர்களும் நிறத்தை நம்பி ஓக்குக்குப் பெயர் சொல்வதில்லை. ஒரே இன மரங்கள் இரண்டு அடுத்தடுத்து நின்றால், ஒன்று சிவக்கலாம், இன்னொன்று வெறும் பழுப்பாகப் போகலாம். இலை விளிம்பின் வெட்டு, நுனி மொட்டு, கொட்டையைத் தாங்கும் கிண்ணம் இவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

நம் கரையில் காடு முழுக்கச் சிவக்காது. ஒவ்வோர் இலையாகத்தான் பழுக்கும். தை, மாசியில் ராமேசுவரம் தெருவோர வாதாமைப் போய்ப் பார். ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், செம்பு, இரத்தச் சிவப்பு எல்லாம் இருக்கும். ஆனால் உனக்கு வேண்டியது மரத்தின் கட்டமைப்பு. கிளைகள் குடை அடுக்குபோலக் கிடைமட்டமாகப் போகும். இலைகள் கிளை நுனியில் கொத்தாக நிற்கும். நுனிப்பக்கம் அகன்று காம்புப்பக்கம் ஒடுங்கும். இதை வரைந்துவிட்டால் நிறமே இல்லாமல் வாதாம் என்று சொல்லிவிடலாம்.

தில்லையைப் பார்க்கக் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் போக வேண்டும். படகில் போகும்போது அலையாத்திகளுக்கு நடுவே எங்காவது திட்டாகச் சிவப்பு தெரியும். இலைகள் மாறி மாறி அமைந்திருக்கும், விளிம்பில் மிக லேசான பல் இருக்கும். ஒடித்தால் பால் வரும். ஒடிக்காதே! நான் இளவயதில் ஒரு குச்சியை ஒடித்து, அதே கையால் கண்ணைத் துடைத்துவிட்டேன். படகோட்டி குடிநீர்க் குடத்தை அப்படியே என் முகத்தில் கவிழ்த்தார். மூன்று நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி என்பதால், பூ வரையும்போது எந்த மரம் என்று எழுதி வை.

அங்கேயே கண்டல் இருக்கிறது, சுரபுன்னையும் இருக்கிறது. ஊருக்கு ஊர் இந்தப் பெயர்கள் இடம் மாறும், எனவே உள்ளூர்ப் பெயரோடு இடத்தையும் சேர்த்து எழுது. இரண்டின் இலையும் மஞ்சளாகத்தான் பழுக்கும். கண்டல் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் சாம்பல் வெளுப்பு. நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். சுரபுன்னையின் அடிப்பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரியும், நுனியில் முள்போல ஒரு கூர்ப்பு இருக்கும். அதனால் ஒவ்வோர் இலைக்கும் பின்பக்கத்தையும் வரைந்தே ஆக வேண்டும்.

உனக்கு உண்மையிலேயே பரந்த சிவப்பு வேண்டுமென்றால் மரத்தை விட்டுத் தரையைப் பார். கோடையில் உவர் நிலத்து உமரிச் செடி செந்நிறமாகிக் கிடக்கும். அந்தச் சிவப்பும் வாதாமின் சிவப்பும் ஒன்றல்ல. வாதாமில் இருப்பது ஆந்தோசயனின், உமரியில் இருப்பது பீட்டாசயனின். பின்னது பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் தண்டுக்கீரையிலும் இருக்கும் சாயம். உமரிச் சிவப்பில் ஊதா கொஞ்சம் கூடுதலாக எனக்குப் படுகிறது. உன் கண் என்ன சொல்கிறது என்று எழுது. இரண்டுக்கும் ஒரே குழாய் வண்ணத்தைப் பிதுக்காதே.

சீமைக்கருவேலை நீ ஏன் வரையவில்லை என்று கேட்க நினைத்தேன். சலிப்பான மரம்தான். சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் பச்சையாக நிற்கிறதே, அதையும் ஒரு நாள் வரைய வேண்டும்.

தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காகத் தென்னிந்தியச் செடிகளை வரைந்த ரங்கையா, கோவிந்து பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பாய். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட பெரும் தொகுதிகளில் பெரும்பாலான படங்களுக்கு வண்ணம் கிடையாது. திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தில் பாதிரியார் மேத்யூ வெளியிட்ட கோட்டோவியத் தொகுதியும் கறுப்பு வெள்ளைதான். இன்றும் அவற்றை வைத்துத்தான் செடிக்குப் பெயர் சொல்கிறோம். வண்ணம் இல்லாமல் ஒரு வருடம் வரைந்து பார் என்று சொல்ல ஆசை. நீ கேட்கமாட்டாய், தெரியும்.

அப்படியென்றால் ஒன்று செய். இலையை வீட்டுக்குக் கொண்டுபோய் வண்ணம் தீட்டாதே. பையில் போட்ட வாதாம் இலை மாலைக்குள் மங்கும், அழுத்தித் தாளில் ஒட்டினால் பழுப்பு நிறமாகிவிடும். மரத்தடியிலேயே உட்கார்ந்து வண்ணத்தைக் கலந்து, தாளின் ஓரத்தில் சின்னக் கட்டமாகத் தீட்டி, தேதியும் நேரமும் எழுது. இலையின் பருவத்தையும் எழுது. அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. பனைக்குக் குருத்தோலை, சாரோலை, காவோலை. ‘சிவப்பு இலை’ என்று மட்டும் எழுதினால் அது எதையும் சொல்லாது. ‘வாதாம், பழுப்பு, மாசி, காலை’ என்றால் பத்து வருடம் கழித்துப் பார்ப்பவருக்கும் புரியும்.

ஐந்தாவது தாளை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழித்துவிடாதே, நல்ல படம். பெயரை மட்டும் அடித்துவிட்டுச் சரியானதை எழுது. அடித்தது தெரியும்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்